ஒன்றும் காணப்படவில்லை

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பள நாளில் மட்டும்தான் கூப்பிடுவார்கள். தரைத்தளத்தின் கடைக்கோடியில், மருந்துக் கிடங்கைத் தாண்டி இருந்த அறையில் உட்கார்ந்து, ஊராருடைய மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, யார் வயிற்றில் என்ன பூச்சி இருக்கிறது என்று சொல்வது அவள் உத்தியோகம். முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளலாம். அப்படிச் சுளித்தவர்களும் என்றைக்காவது ஒரு நாள் சின்ன டப்பா ஒன்றைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள்.

வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், அதில் குச்சி முனையால் தொட்ட அளவு மலம், மேலே மெல்லிய கண்ணாடி வில்லை ஒன்று. இதை லென்ஸுக்கு அடியில் வைத்து, இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று வரி தப்பாமல் நகர்த்திக்கொண்டே போவாள். அங்கே கண்ணுக்குத் தெரிவதில் முக்கால்வாசி வெறும் குப்பை. காய்கறித் தோல், மாவுத் துணுக்கு, கொழுப்புத் துளி, கறி நார். புதிதாக வருகிறவர்கள் இதில் எதைக் கண்டாலும் பூச்சி பூச்சி என்று துள்ளுவார்கள். குப்பையைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகக் கண்ணைப் பழக்குவதுதான் இந்த வேலையில் பாதி என்று பூதக்கண்ணாடி சொல்வாள். அவள் கண் அப்படிப் பழகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பூச்சியும் முட்டையும் தவிர வேறெதுவும் அவளுக்கு அங்கே தெரியவே தெரியாது.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கெட்ட பழக்கம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, எல்லோருக்கும் அது நல்ல பொழுதுபோக்காகத்தான் இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தலைக்குக் குளித்து, புருஷனும் மகனும் அவளுமாகச் சாப்பிட உட்கார்ந்தால், அன்றைய ஜன்னல் கதைகளை அவிழ்த்துவிடுவாள். பேனாப் பெட்டியில் கொண்டுவந்தவர், ஒரு குடும்பத்துக்கே போதுமான அளவு கொண்டுவந்த அம்மாள், டப்பாவை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்ட போலீஸ்காரர். பேர் சொல்ல மாட்டாள். பேர் சொல்லத் தேவையும் இல்லை, அவ்வளவு அச்சாக நடித்துக் காட்டுவாள். ஒரு நாள் தையல்காரர் ஒருவர் வந்து, "இது எனக்கில்லீங்க, எனக்குத் தெரிஞ்சவருக்கு" என்று டப்பாவை விரல் நுனியால் தள்ளியதைச் செய்து காட்டியபோது மகனுக்குப் புரையேறிவிட்டது. இந்தக் கூத்தெல்லாம் சோற்றுக்கு முன்னால்தான் நடக்கும். அந்த வீட்டுக்குக் குமட்டல் என்பதே மறந்து போயிருந்தது.

புருஷனும் சிரிப்பார். அவர் நாற்றுப் பண்ணையில் வேலை செய்தார், ஊருக்குள் அவர் நாற்றுக்காரர். ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று நின்று அவர் பாதத்தின் வெடிப்புகளுக்குள் மண் நிரந்தரமாகக் குடியேறியிருந்தது. செருப்பு வாங்கிக் கொடுத்தால் பண்ணை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவார். "செருப்பு போட்டா, மண்ணுக்குத் தண்ணி போதுமா போதாதான்னு காலுக்கு எப்படித் தெரியும்?" என்பார். அதிகம் பேசாத மனிதர். மனைவியின் கதைகளுக்குச் சோற்றைப் பார்த்தபடியே தோள் குலுங்கச் சிரிப்பார். ஆனால் தையல்காரர் கதையைக் கேட்ட பிறகு தன் சட்டைத் துணியை அந்தத் தெருவில் கொடுக்காமல் நாலு தெரு தள்ளி வேறொருவரிடம் கொடுத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கூச்சம் என்றால் சாதாரணக் கூச்சம் இல்லை அவருக்கு. கழிவறைக்குள் போனதும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்துவிடுவார். வாளி நிரம்பி வழிந்து, தரையெல்லாம் ஓடி, அவர் வெளியே வரும்வரை தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வெளியே கேட்டுவிடக் கூடாதாம். கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, மகனுக்கு மீசை முளைத்த பிறகும் தீரவில்லை.

"உள்ள என்ன அருவியா ஓடுது? எனக்குப் பொழப்பே அதுலதான். என்கிட்ட என்னங்க வெட்கம்?" என்று பூதக்கண்ணாடி வெளியிலிருந்து கத்துவாள்.

"உன்கிட்டதான் வெட்கம்" என்று ஒரு தடவை அவர் சொன்னார். அதையும் மறுநாள் லேபில் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வருஷம் நாற்றுக்காரருக்கு இளைப்பு வந்தது. முதலில் மழைக்கு இருக்கும் என்றார்கள். பிறகு பண்ணைப் புழுதிக்கு இருக்கும் என்றார்கள். மழையும் போய்ப் புழுதியும் அடங்கிய பிறகு, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் விசில் ஊதுவது பக்கத்தில் நிற்பவர்களுக்கே கேட்டது. கறி வாசனை பட்டால் குமட்டுகிறது என்று அதை அடியோடு நிறுத்தினார். கஞ்சியும் வெந்த காயும் மட்டும்தான் இறங்கியது. பூதக்கண்ணாடி அவரைத் தன் ஆஸ்பத்திரியின் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் நிதானமானவர். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, நாற்றுக்காரரை வெளியே உட்கார வைத்து, பூதக்கண்ணாடியிடம் தனியாகப் பேசினார்.

"மூச்சைத் திறக்கறதுக்கு ஒரு மாத்திரை ஆரம்பிக்கணும்மா. கேட்கும். ஆனா அது உடம்போட எதிர்ப்பைக் குறைச்சுடும். இவரு வாழ்நாள் பூரா வெறுங்காலோட மண்ணுல நின்னவரு. கால் தோல் வழியா ஏறுதே, அந்தப் பூச்சி உள்ள இருக்கலாம்னு ரத்தத்தைப் பார்த்தா எனக்குச் சந்தேகமா இருக்கு."

"திருட்டுப் பூச்சி" என்றாள் பூதக்கண்ணாடி. லேபில் அதற்கு அதுதான் பெயர். ஒரு நாள் தலை காட்டும், நாலு நாள் ஒளிந்துகொள்ளும்.

"அதேதான். அது இருக்கறப்போ இந்த மாத்திரையைக் குடுத்தோம்னா, குடலை விட்டுக் கிளம்பி நுரையீரல், ரத்தம்னு உடம்பு பூரா பரவிடும். அப்புறம் பிழைக்க வைக்கறது ரொம்பக் கஷ்டம். சாதாரணப் பூச்சி மாத்திரைக்கு அது அசையாது. அதுக்குன்னு இருக்கற மருந்தைப் பெரிய ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கணும், பூச்சி இருக்குன்னு காட்டினாத்தான் குடுப்பாங்க. அதனால மூணு தடவை மலத்தைப் பாருங்க. நீங்களே பாருங்க. நீங்க இல்லைன்னு சொன்னா நான் தைரியமா ஆரம்பிச்சுடுவேன்."

அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குள் போய் ஜில்லென்று உட்கார்ந்துகொண்டது. பெருமை இருக்காதா? இருந்தது. மற்றதையெல்லாம் புருஷனிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள். ஏற்கெனவே மூச்சுக்குத் தவிக்கிற மனிதரிடம் புழு, ரத்தம் என்று பேசிப் பயமுறுத்துவானேன்.

"மாத்திரைக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்டு எடுக்கணுமாம். சும்மா ஒரு இதுக்கு" என்று அன்று சாப்பாட்டின்போது சொன்னாள்.

"என்ன டெஸ்ட்டு?"

"நம்ம டிபார்ட்மெண்ட்தான்."

நாற்றுக்காரரின் கை கஞ்சியில் நின்றது. "வேற யாராவது பார்க்கக் கூடாதா?"

"என்னை விட்டா இந்த ஊர்ல அதைப் பார்க்க யாரு இருக்கா? பயப்படாதீங்க, உங்களுது எப்படி இருக்குன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு, டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஒருவர் பூனை நடை நடந்து ஜன்னலுக்கு வருவதைச் செய்து காட்டினாள். மகன் சிரித்தான். நாற்றுக்காரரும் சிரித்தார்.

ஆனாலும் சொன்ன சொல்லுக்கு டப்பா வந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பை சுற்றி, வாசலில் அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. இவ்வளவு லேசில் சம்மதிப்பார் என்று அவள் நினைக்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒரு வரிகூட விடவில்லை. பூச்சி இல்லை, முட்டை இல்லை. ஒன்றும் காணப்படவில்லை என்று எழுதினாள். சில நாள் விட்டு இரண்டாவது டப்பா, பிறகு மூன்றாவது. மருந்துத் தண்ணீரில் கரைத்து, சுழற்றி, அடியில் தங்கிய வண்டலையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மிச்சத்தைக் கெடாமல் வைக்கும் மருந்தில் போட்டு அலமாரியில் வைத்தாள், அது அவள் வழக்கம்.

"உங்க வயித்துல ஒரு பூச்சிக்கும் குடியிருக்க இஷ்டமில்லையாம். கழுவிக் கவுத்த மாதிரி இருக்கு" என்று அன்று சாயங்காலம் அறிவித்தாள். நாற்றுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். மகன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

டாக்டர் மாத்திரையை ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் விசில் நின்றது. நாற்றுக்காரர் ஒரே மூச்சில் மாடி ஏறினார். கன்னம் பூரித்தது, பசி வந்தது. பூதக்கண்ணாடிக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டரை வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்த நாட்களை நினைத்தால்தான் மனசு ஆற மாட்டேன் என்கிறது. மூன்று பேரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

பிறகு வயிற்று வலி வந்தது. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றார் நாற்றுக்காரர். வாந்தி வந்தது. வயிறு உப்பிக் கல்லாக இருந்தது. இருமல் திரும்பி வந்தது, ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தக் கீற்று இருந்தது. மகன் தன் சரக்கு வேனின் முன் சீட்டிலேயே அப்பாவைச் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். மாடியில் ஆண்கள் வார்டு, கடைசிக் கட்டில், பக்கத்துச் சுவரில் ஒரு கைகழுவும் தொட்டி. மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

டாக்டர் நெஞ்சு படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "மூணு தடவையும் நீங்களேதானே பார்த்தீங்க?"

"நானேதான் டாக்டர்."

"சந்தேகமில்லையே?"

"ஒரு வரி விடல."

"அப்போ இளைப்புதான் முத்தியிருக்கு" என்று சொல்லி, அதே மருந்தை இன்னும் அதிகமாக, நரம்பு வழியே ஏற்றச் சொன்னார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், கிடைத்த பதிலை நம்பினார். அந்தப் பதிலைச் சொன்ன நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று பூதக்கண்ணாடி பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் உச்சிப் பொழுதில் அவருக்கு ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டாள். அடிவயிற்றில், தோலுக்கு அடியில், ஒரு சிவப்புக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தது. கீறல் என்று நினைத்தாள். முதுகைத் துடைத்து, போர்வை மாற்றி, திரும்பப் பார்த்தபோது கோடு ஒரு விரற்கடை நகர்ந்து தொப்புளை நோக்கிப் போயிருந்தது. கீறல் நகராது. தோலுக்கு அடியில் அவ்வளவு வேகமாக நகர்வது எது என்று அந்த ஆஸ்பத்திரியிலேயே அவளுக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். துணியைக் கட்டிலிலேயே போட்டுவிட்டுக் கீழே ஓடினாள்.

அலமாரியிலிருந்து மூன்று சீசாக்களையும் எடுத்தாள். முதல் சீசா. வரி வரியாகப் பார்த்தாள், இல்லை. இரண்டாவது, இல்லை. மூன்றாவது, இல்லை. புதுச் சொட்டு எடுத்து மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். கண்ணில் நீர் கட்டி லென்ஸ் மங்கியது. துடைத்துக்கொண்டு பார்த்தாள். இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும், நகர்வதைக் கண்ணால் பார்த்தாயிற்றே. எத்தனை தடவை பார்த்தாலும் அங்கே குப்பைதான் இருந்தது. வேறு எதுவும் பார்க்கக் கிடைக்காமல், இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவள் குப்பையைப் பார்த்தாள்.

கறி நார். மஞ்சளாக, முனை வெட்டினாற்போல, குறுக்கே மெல்லிய கோடு கோடாக. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அடுத்த வரியில் கொத்தாக. இரண்டாவது சீசாவிலும் கறி நார். மூன்றாவதிலும் கறி நார். கறி வாசனைக்கே குமட்டி, மாதக்கணக்கில் கஞ்சி குடித்த மனிதரின் வயிற்றில் இது எப்படி வந்தது? அன்றைக்கும் இது அவள் கண் முன்னால்தான் கிடந்தது. அவள்தான் பழக்கப்படி தாண்டிப் போயிருந்தாள். அவர் நிறுத்திய பிறகு அந்த வீட்டில் கறி தின்கிறவன் ஒருவன்தான், வேன் ஓட்டும் வழியில் கடைகளில் நிறுத்தி வயிறு நிறையத் தின்றுவிட்டு வருபவன்.

மகன் மாடிப்படிக்குக் கீழே தண்ணீர் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தான். அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அந்த டப்பா யாருது?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அதுவே அவளுக்குப் பதில்.

"அம்மா, அப்பா கெஞ்சினாரும்மா."

"மூணும் உன்னுதா?"

"ஒரு தடவைதான் சரின்னேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'அவ பார்த்துட்டா நாளைக்கு நான் எப்படிடா அவ முகத்துல முழிப்பேன், சோத்துல உட்கார்ந்து என்னையும் அவ நடிச்சுக் காட்டுவாடா'ன்னாரு. எனக்கு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு." அவன் பாட்டிலைப் படியில் வைத்தான். "சும்மா ஒரு டெஸ்ட்டுன்னுதானேம்மா நீ சொன்ன? இதுல உசிரு இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே."

அறைவதற்கு ஓங்கிய கை ஓங்கினபடியே நின்றது. யாரை அறைவது? சொல்லாமல் விட்டது அவள். நடித்துக் காட்டியதும் அவள். கையை இறக்கி, அவன் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள். "இங்கயே நில்லு. உன்னால ஆக வேண்டிய காரியம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அவருடைய மலம் வேண்டும், உடனே வேண்டும். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டாள். படுக்கையிலேயே வைத்துக்கொள்ளும் பாத்திரத்தை எடுத்து வந்து, குனிந்து, காதோடு சொன்னாள்.

"டப்பா விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்க. கோபம் இல்ல. இப்போ கொஞ்சம் போங்க. எனக்கு வேணும்."

நாற்றுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஆக்சிஜன் குழாயோடு தலை இடமும் வலமும் அசைந்தது. மாட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் இருமல் சத்தம், பேச்சு சத்தம், ஒரு வார்டு நிறைய ஆண்கள். இந்தப் பக்கம் அவள். செத்தாலும் மாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவள் திரையை விலக்கிக்கொண்டு போய்த் தொட்டியின் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் தகரத் தொட்டியில் தடதடவென்று கொட்டியது. வார்டே திரும்பிப் பார்த்தது.

"யாரும்மா அது, தண்ணியை இப்படித் திறந்து விட்டது? மூடுங்க" என்றாள் நர்ஸ்.

"கொஞ்ச நேரம் சிஸ்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்ச நேரம் ஓடட்டும்." குழாயின் மேல் கையை வைத்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். ஜன்னலில் போலீஸ்காரர் நின்ற அதே நிலை என்று அவளுக்குத் தோன்றியது. தாலி கட்டின நாளிலிருந்து கேட்டுச் சிரித்த சத்தம்தான் அது. இப்போது அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

கிடைத்ததை எடுத்துக்கொண்டு கீழே லேபுக்கு ஓடியவளுக்கு அங்கே தேட வேண்டியிருக்கவில்லை. லென்ஸைத் திருகி முடிப்பதற்குள்ளேயே அவை தெரிந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல. கண்ணாடியை எந்தப் பக்கம் தள்ளினாலும் சாட்டையைச் சுழற்றினாற்போலப் புரண்டு புரண்டு நெளிந்தன. வாழ்நாளில் இத்தனை திருட்டுப் பூச்சிகளை அவள் ஒரு சொட்டில் கண்டதில்லை. இவ்வளவும் அவருக்குள். இவ்வளவுக்கும் சாப்பாடு போட்டு வளர்த்தது அவள் கொடுத்த ரிப்போர்ட். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டரிடம் எதையும் மறைக்கவில்லை. "நான் பார்த்தது அவரோடது இல்ல டாக்டர். அவரு வெட்கப்பட்டு மாத்திட்டாரு. அதுவும் என்னாலதான்." டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அந்த மருந்தைக் குறைக்கணும். சட்டுனு நிறுத்தவும் முடியாது. பூச்சி மருந்து இன்னைக்கே வந்தாகணும்."

மகன் சீட்டை வாங்கிக்கொண்டு வேனை எடுத்தான். பெரிய ஆஸ்பத்திரி இருந்தது அடுத்த நகரத்தில். எப்படிப் போனான், எப்படி வந்தான் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. பொழுது இறங்குவதற்குள் மாத்திரைப் பட்டையைக் கையில் இறுக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடி வந்தான். பொடி செய்து, மூக்கு வழியே போட்ட குழாயில் இறக்கினார்கள்.

"குடல் பாதி நின்னு போயிருக்கு. மருந்து உள்ள சேருதா இல்லையான்னு எனக்கே சொல்லத் தெரியல. தினமும் பாருங்க. பூச்சி அசையறது குறைஞ்சா, சேருதுன்னு அர்த்தம்" என்றார் டாக்டர்.

மருந்து இறங்கின பிறகு நாற்றுக்காரர் கொஞ்சம் தெளிந்திருந்தார். விரலால் அவளைக் கிட்டத்தில் கூப்பிட்டார். காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைத்தாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேங்க."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "சிரிச்சியா?"

"இல்லங்க. சத்தியமா இல்ல."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "லேபுல சொல்லாத" என்றார். அவள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், வெடிப்பில் மண் படிந்த அந்த இரண்டு பாதங்களையும் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு அவர் கோர்வையாக எதுவும் பேசவில்லை.

அப்புறம் வந்த நாட்களில் அவளுக்கு ஒரே ஒரு வேலைதான். குழாயைத் திறந்துவிடுவது, கிடைத்ததை எடுத்துக்கொண்டு கீழே போவது, லென்ஸில் குனிவது. இதற்குமுன் அவள் பூச்சிகளைத் தேடினாள், பிடித்தாள், பேர் எழுதினாள். இப்போது அவற்றோடு பேச ஆரம்பித்தாள். "செத்துத் தொலைங்களேன். என்ன பாவம் பண்ணினாரு அவரு? உங்களுக்கு என்ன வேணும், என்னை எடுத்துக்கோங்க." அவை நெளிந்தன. மறுநாளும் நெளிந்தன. ஜன்னலுக்கு வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போனார்கள். அவள் நிமிரவில்லை.

பிறகு ஒரு நாள், சிலது மட்டும் நெளிந்தது, மற்றவை நீட்டினபடி கிடந்தன. அவள் மேலே ஓடிச் சொன்னாள். டாக்டர் தலையை ஆட்டினார், ஆனால் முகம் தெளியவில்லை. பூச்சிகள் குடலைத் துளைத்துக்கொண்டு போன வழியெல்லாம் குடலிலிருந்த கிருமிகளையும் கூட்டிக்கொண்டு ரத்தத்துக்குள் போயிருந்தன. காய்ச்சல் இறங்க மறுத்தது. நாற்றுக்காரருக்குக் கழுத்து விறைத்தது. மகனைப் பார்த்து, ஈரம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்று என்று பண்ணை ஆளிடம் சொல்வது போல ஏதோ முனகினார்.

"பூச்சி போகுதில்ல டாக்டர்? போயிடுச்சுன்னா சரியாயிடும்ல?"

"பூச்சி போகுதும்மா" என்றார் டாக்டர். கேட்டதில் பாதிக்குத்தான் அவர் பதில் சொன்னார், அது அவளுக்கும் தெரிந்தது. தெரிந்தும், பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு கொம்பு இல்லை. பூச்சி போய்விட்டால் எல்லாம் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படி இறங்கினாள், படி ஏறினாள்.

கடைசியாக எடுத்தது ஒரு காலை நேரத்தில். கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தாள். நெளியவில்லை. நீட்டியும் கிடக்கவில்லை. வரி வரியாகப் போனாள். இந்தத் தடவை எதையும் தாண்டவில்லை, ஒவ்வொரு குப்பையிலும் நின்று நின்று பார்த்தாள். மாவுத் துணுக்கு, கொழுப்புத் துளி. கறி நார் இல்லை. அவருடையதுதான், சந்தேகமே இல்லை. புதுச் சொட்டு எடுத்துப் பார்த்தாள். வண்டலை எடுத்துப் பார்த்தாள். ஒரு பூச்சி இல்லை. எழுந்தபோது கால் மரத்துப் போயிருந்தது. ரிப்போர்ட் எழுதக்கூட நிற்காமல் மேலே ஓடினாள். அவர் காதில் முதலில் சொல்ல வேண்டும், டாக்டருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

படியேறும்போதே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கடைசிக் கட்டிலைச் சுற்றித் திரை மூடியிருந்தது. திரைக்கு வெளியே மகன் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தான். தொட்டியில் குழாய் முழுசாகத் திறந்து கொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் அதை மூடச் சொல்லாமல் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா என்னமோ கேட்ட மாதிரி இருந்துச்சும்மா. வெளிக்குப் போகணும்ங்கறாருன்னு நெனச்சேன். பாத்திரத்தை வச்சு, குழாயைத் திறந்துவிட்டுட்டு இங்க வந்து நின்னேன்" என்றான் மகன். திரும்பவில்லை. "ரொம்ப நேரமா கூப்பிடலியேன்னு உள்ள பார்த்தேன்."

அவள் திரைக்குள் போனாள். மூக்கிலிருந்த குழாய்களை எடுத்துவிட்டிருந்தார்கள். போர்வைக்கு வெளியே பாதங்கள் தெரிந்தன. இழுத்து மூடிவிட்டாள். குனிந்து, அவர் காதில் வாயை வைத்து, ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் சொன்னாள்.

"ஒண்ணும் இல்லீங்க. நல்லாப் பார்த்துட்டேன். சுத்தமா இருக்கு."

வெளியே வந்தாள். குழாய் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. மூடலாமா என்று நர்ஸ் ஜாடையில் கேட்டாள். பூதக்கண்ணாடி வேண்டாமென்று தலையசைத்து, மகனுக்குப் பக்கத்தில் போய், அவளும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து அவளே போய்க் குழாயை மூடினாள்.